சின்னக் கைகளுக்கு ஒரு சின்னப் புத்தகம்: பீட்ரிக்ஸ் பொட்டரின் வாழ்க்கை

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளையின் கையில் படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அது புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கலாம். இரண்டு மூன்று பக்கங்களை ஒன்றாகப் புரட்டலாம். ஆனால் நல்ல படம் ஒன்று வந்ததும் அதன் விரல் அங்கேயே நின்றுவிடும். முயலின் காதைத் தொட்டுப் பார்க்கும். பூவாளிக்குள் ஒளிந்திருப்பது யார் என்று கேட்கும். நேற்றிரவு பார்த்து முடித்த அதே புத்தகத்தை இன்றும் தூக்கிக்கொண்டு உம்மாவின் மடியில் வந்து உட்காரும். வாசிப்பு எழுத்துக்கு முன்னரே, படத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதைச் சிறு பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் காணலாம்.

இந்த உண்மையை நன்கு அறிந்து, அதற்காகவே பதிப்பாளர்களோடு வாதாடியவர் ஒரு பெண்மணி. பாடசாலை வாசலையே மிதிக்காதவர் அவர். விஞ்ஞானியாக விரும்பியபோது கதவு சாத்தப்பட்டவர். தன் கதையை ஏற்க யாரும் முன்வராதபோது சொந்தப் பணத்தில் அச்சிட்டவர். நீல நிறச் சட்டை போட்ட குறும்புக்கார முயல் பீட்டரை உலகுக்குத் தந்த பீட்ரிக்ஸ் பொட்டரே அவர்.

மூன்றாம் மாடியில் ஓர் உலகம்

பீட்ரிக்ஸ் 1866ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி இலண்டனின் தென் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தை ரூபர்ட் பொட்டர் சட்டம் படித்தவர். புகைப்படம் எடுப்பதில் பெரும் ஈடுபாடு கொண்டவர். தாய் ஹெலன். இருவரது குடும்பங்களும் வட இங்கிலாந்தில் பருத்தித் தொழிலால் செல்வம் சேர்த்தவை. எனவே வீட்டில் எதற்கும் குறைவிருக்கவில்லை, தோழிகளைத் தவிர.

அக்காலத்துச் செல்வந்தர் வீட்டுப் பெண் பிள்ளைகளைப் போல அவரும் பாடசாலைக்கு அனுப்பப்படவில்லை. வீட்டின் மேல்மாடியில் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட அறையில், வீட்டாசிரியைகளிடமே பாடம் கற்றார். ஆறு வயது இளையவரான தம்பி பேர்ட்ரம் உரிய வயதில் விடுதிப் பாடசாலைக்குப் போனார். அக்கா வீட்டிலேயே இருந்தார்.

தனிமையைப் போக்க அந்த அறைக்குள் ஒரு சிறு மிருகக்காட்சிசாலையே உருவானது. முயல்கள், எலிகள், தவளைகள், பல்லியினங்கள், வௌவால், முள்ளெலி என்று பல உயிர்கள் அங்கே வளர்ந்தன. அக்காவும் தம்பியும் அவற்றோடு விளையாடியதோடு நின்றுவிடவில்லை. அவை ஓடும்போது கால் எப்படி மடிகிறது, தூங்கும்போது காது எங்கே சாய்கிறது என்பதையெல்லாம் உற்றுப் பார்த்து வரைந்தார்கள். ஒரு பிராணி இறந்தால் அதன் எலும்புக்கூட்டைச் சுத்தம் செய்து வைத்து, என்பு என்போடு பொருந்தும் விதத்தையும் வரைந்தார்கள். கேட்பதற்கு ஒரு மாதிரியாக இருந்தாலும், பிற்காலத்தில் பீட்ரிக்ஸ் வரைந்த முயலுக்குச் சட்டை போட்டாலும் அது முயலாகவே தெரிந்ததற்கு அந்த எலும்புக்கூடுகளே காரணம்.

கோடை விடுமுறைகளில் குடும்பம் ஸ்கொட்லாந்துக்குப் போகும். அங்கே காடும் ஆறும் வயலும் அவருக்குச் சொந்தமாயின. 1882இல் முதன்முறையாக வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குப் போனார்கள். மலைகளும் ஏரிகளும் கற்சுவர் கட்டிய மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த அந்தப் பிரதேசம் பதினாறு வயதுப் பெண்ணின் மனதைக் கவர்ந்தது. அங்கே சந்தித்த ஹார்ட்விக் ரோன்ஸ்லி என்ற மதகுரு, அழகான இடங்களை அழியவிடாமல் காக்கவேண்டும் என்று பாடுபட்டவர். பின்னர் 1895இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். இந்தச் சந்திப்பின் பலன் பல ஆண்டுகளின் பின்னரே தெரியவந்தது.

சிறந்த படநூல்களும் அந்த வீட்டுக்குள் வந்தன. அக்காலத்தின் புகழ்பெற்ற சிறுவர் நூல் ஓவியரான ரண்டொல்ப் கல்டெகொட்டின் மூலச் சித்திரங்களைத் தந்தை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்தார். ஒரு சில கோடுகளில் குதிரையைப் பாயவைக்கும் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் பீட்ரிக்ஸ் வளர்ந்தார்.

பதினான்கு பதினைந்து வயதிலிருந்து முப்பது வயதுவரை அவர் ஒரு நாட்குறிப்பு எழுதினார். வேறு யாரும் வாசிக்க முடியாதபடி தானே கண்டுபிடித்த இரகசிய எழுத்துகளில், கண்ணை வருத்தும் அளவு பொடிப்பொடியாக எழுதினார். அவர் மறைந்து 15 ஆண்டுகளின் பின்னர், 1958இல், லெஸ்லி லிண்டர் என்பவர் மிகவும் பொறுமையாக முயன்று அந்த எழுத்துகளின் புதிரை அவிழ்த்தார். எவரும் கேட்க வராத கருத்துகளைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஒரு பெண்ணை அந்த ஏடுகளில் காண்கிறோம்.

காளான்களும் சாத்தப்பட்ட கதவும்

பீட்ரிக்ஸுக்குக் கதைக்கு முன்னர் விஞ்ஞானத்திலேயே பெருவிருப்பம் இருந்தது. அதுவும் நாம் உயிரியல் பாடத்தில் படிக்கும் பங்கசுகளில்! ஸ்கொட்லாந்தில் சார்ள்ஸ் மக்கின்டொஷ் என்ற தபாற்காரர் இருந்தார். தபால் விநியோகத்துக்காக மைல்கணக்கில் நடந்து, வழியிலுள்ள தாவரங்களையெல்லாம் கற்றறிந்தவர். அவர் காளான் மாதிரிகளை அனுப்பிவைக்க, பீட்ரிக்ஸ் அவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்து நூற்றுக்கணக்கான நீர்வர்ணச் சித்திரங்களை வரைந்தார். வித்திகளை வீட்டிலேயே முளைக்கச் செய்து அவதானித்தார்.

அவருடைய மாமாவும் பிரபல இரசாயனவியலாளருமான சேர் ஹென்றி ரொஸ்கோ இந்த முயற்சிக்குத் துணைநின்றார். மருமகளைக் கியூ தாவரவியற் பூங்காவுக்கும் அழைத்துச் சென்றார். ஆனால் அங்கிருந்த பணிப்பாளர் ஒரு பொழுதுபோக்குப் பெண்ணின் வேலையாகவே அதைக் கருதினார். இருந்தும் அவர் விடவில்லை. காளான் வித்திகள் முளைப்பது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1897ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி அது இலண்டன் லின்னியன் சங்கத்தின் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. முன்வைத்தவர் அவரல்லர்! பெண்கள் அக்கூட்டங்களில் கலந்துகொள்ள முடியாது என்பதால் கியூவைச் சேர்ந்த ஜோர்ஜ் மசி என்ற ஆண் விஞ்ஞானியே அதைச் சமர்ப்பித்தார். தன் கட்டுரையைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதைக் கேட்கும் உரிமைகூட எழுதியவருக்கு இருக்கவில்லை. பின்னர் அவர் கட்டுரையை மீளப் பெற்றுக்கொண்டார். அது அச்சேறாமலேயே காணாமற் போயிற்று.

சரியாக நூறு ஆண்டுகளின் பின்னர், 1997இல், அச்சங்கம் அவருக்கு இழைக்கப்பட்ட குறையை ஏற்றுக்கொண்டது. அவர் வரைந்த காளான் சித்திரங்கள் 1967இல் ஒரு பங்கசு நூலில் இடம்பெற்றன. அவ்வளவு துல்லியம் அவற்றில் இருந்தது. விஞ்ஞானம் அவரைத் திருப்பி அனுப்பியது. ஆனால் உற்றுநோக்கும் கண்ணை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை. அந்தக் கண் பிள்ளைகளின் புத்தகத்துக்கு வந்துசேர்ந்தது.

நோயுற்ற சிறுவனுக்கு ஒரு கடிதம்

பீட்ரிக்ஸின் கடைசி வீட்டாசிரியை ஆனி கார்ட்டர். மாணவியைவிடச் சில வயதே மூத்தவர். அதனால் ஆசிரியையும் மாணவியும் தோழிகளாகிவிட்டனர். அவர் மணமுடித்து மூர் என்ற குடும்பத்துக்குப் போன பின்னரும் உறவு தொடர்ந்தது. ஆனியின் மூத்த மகன் நோயல் ஐந்து வயதில் நோயுற்றுப் படுத்திருந்தான். 1893ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி, ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த பீட்ரிக்ஸ் அவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். படுக்கையிலிருக்கும் பிள்ளைக்குச் சொல்லும்படியான செய்தி எதுவும் அவரிடம் இருக்கவில்லை. ஆகவே நான்கு முயற்குட்டிகளின் கதையைச் சொன்னார். வரிகளுக்கிடையே பேனாவால் சிறுசிறு படங்கள் கீறினார். அப்போது அவர் உண்மையிலேயே பீட்டர் என்றொரு முயலை வளர்த்துவந்தார்.

நோயல் அந்தக் கடிதத்தை எறிந்துவிடவில்லை. ஏழு ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருந்தான். அதைப் புத்தகமாக்கலாம் என்ற எண்ணம் வந்தபோது, பீட்ரிக்ஸ் அவனிடம் கேட்டு இரவல் வாங்கிப் பிரதிசெய்தார். உலகப் புகழ்பெற்ற ஒரு நூல் ஒரு சின்னப் பையனின் பெட்டிக்குள்ளிருந்துதான் வெளியே வந்தது.

ஆறு பதிப்பகங்கள் அதை மறுத்தன. புத்தகம் இன்னும் பெரியதாக இருக்கவேண்டும் என்பது சிலரது எண்ணம். பெரிய புத்தகம் என்றால் விலையும் பெரிதாக இருக்கும். பீட்ரிக்ஸ் இணங்கவில்லை. புத்தகம் சிறு பிள்ளையின் கைக்குள் அடங்கவேண்டும். சாதாரண வீட்டுப் பிள்ளையும் வாங்கக்கூடிய விலையில் இருக்கவேண்டும். பக்கம் திருப்பும்போதெல்லாம் ஒரு படம் வரவேண்டும். இந்த மூன்றிலும் அவர் பிடிவாதமாக நின்றார்.

1901 டிசெம்பரில் தன் சேமிப்பிலிருந்து செலவிட்டு 250 பிரதிகளை அச்சிட்டார். அவை விரைவாக முடிந்துபோகவே இன்னும் 200 அச்சிட்டார். இதற்கிடையில் ரோன்ஸ்லி அந்தக் கதையைச் செய்யுளாக மாற்றி, அதை பிரெடெரிக் வோர்ன் பதிப்பகத்துக்கு அனுப்பிப் பார்த்தார். பதிப்பாளர்களுக்குச் செய்யுளை விடப் பீட்ரிக்ஸின் எளிய உரைநடையே பிடித்துக்கொண்டது. படங்கள் எல்லாம் வர்ணத்தில் இருக்கவேண்டும் என்று மாத்திரம் அவர்கள் கேட்டனர். முயலின் மண்ணிறமும் இலையின் பச்சையும் தவிர வேறென்ன வர்ணம் இதில் இருக்கிறது என்று முதலில் தயங்கிய பீட்ரிக்ஸ் பின்னர் சம்மதித்தார். 1902 ஒக்டோபரில், ஒரு சிலிங் விலையில், பீட்டர் முயலின் கதை வெளிவந்தது. முதற்பதிப்பின் 8000 பிரதிகளும் வெளியாகும் முன்னரே விற்றுப்போயின. அந்த ஆண்டு முடிவதற்குள் அச்சிடப்பட்டவை 28,000 ஆயின. அப்போது அவருக்கு வயது 36.

அந்தப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது?

நூற்றாண்டு கடந்த பின்னும் பிள்ளைகள் ஏன் அந்தச் சின்னப் புத்தகத்தைக் கீழே வைக்க மறுக்கின்றனர்? அதைத் திறந்து பார்த்தபோது எனக்குப் புலப்பட்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பக்க அமைப்பு. ஒரு பக்கத்தில் சில வரிகள், எதிர்ப்பக்கத்தில் ஒரு படம். உம்மா வாசிக்கும் வரியும் பிள்ளை பார்க்கும் படமும் ஒரே கணத்தில் சந்திக்கின்றன. தோட்டக்காரர் மக்கிரெகர் பீட்டரைத் துரத்தும்போது அடுத்து என்ன நடக்கும் என்பது அடுத்த பக்கத்தில்தான் தெரியும். ஆகவே பக்கத்தைப் புரட்டும் உரிமை பிள்ளையின் கையில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் கதையை நடத்திச் செல்கிறது.

இரண்டாவது, படத்தைச் சுற்றியுள்ள வெண்மை. பெரும்பாலான படங்களுக்குச் சட்டகம் இல்லை. நீர்வர்ணம் ஓரத்தில் மெல்லக் கரைந்து வெறுந்தாளோடு கலந்துவிடுகிறது. பிள்ளையின் பார்வை முயலிடமே போகிறது. மிகுதித் தோட்டத்தைக் கற்பனை நிரப்பிக்கொள்கிறது.

மூன்றாவது, உண்மை. பீட்டர் நீலச் சட்டையோடு நிமிர்ந்து நடக்கும்போது எங்கள் வீட்டுக் குறும்புக்காரனைப் போல இருக்கிறான். ஆனால் சட்டைப் பொத்தான் வலையில் மாட்டி, அதைக் கழற்றிவிட்டு ஓடும்போது நான்கு காலில் பாயும் அசல் முயலாக மாறிவிடுகிறான். சட்டையைக் களைந்ததும் இயல்பு திரும்பிவிடுகிறது! இதைச் சொல்லில் விளக்கினால் ஒரு பக்கம் வேண்டும். படம் ஒரே பார்வையில் காட்டுகிறது.

நான்காவது, அவர் பிள்ளைகளை ஏமாற்றவில்லை. பீட்டரின் தந்தை மக்கிரெகரின் வீட்டில் உணவாகிப்போனவர் என்பது கதையின் தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. வெளியேற வழி தெரியாமல் பூட்டிய கதவின் அருகே நின்று பீட்டர் கண்ணீர் விடும் படம் மிக அமைதியானது. ஆனால் பயம் என்றால் என்ன என்று அறிந்த எந்தப் பிள்ளையும் அதைக் கடந்து போய்விட முடியாது. அதனால்தான் அவன் வீடு வந்து சேரும்போது மனம் அவ்வளவு ஆறுதலடைகிறது. கடினமான சொற்களுக்கும் அவர் அஞ்சவில்லை. பின்னர் எழுதிய ஒரு முயற்கதையில், கீரையைத் தின்றதும் வரும் தூக்கத்தைப் பற்றிச் சொல்லப் பெரியவர்களே தடுமாறும் ஒரு சொல்லைப் போட்டார். படம் பொருளைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

குளோஸ்டர் தையற்காரர் என்ற கதைக்காக, நூதனசாலையில் இருந்த பதினெட்டாம் நூற்றாண்டின் பூவேலை செய்த ஆடைகளைப் பார்த்து, தையல் தையலாக வரைந்தார். சிறு பிள்ளைகளுக்குத்தானே என்று எதையும் அரைகுறையாக அவர் விட்டதில்லை.

நோர்மன்

வோர்ன் பதிப்பகத்தில் அவருடைய நூல்களைக் கவனித்தவர் சகோதரர்களுள் இளையவரான நோர்மன். ஒவ்வொரு படத்தையும் பற்றி இருவரும் கடிதம் எழுதிக்கொண்டனர். இரண்டு பொல்லாத எலிகளின் கதைக்கு ஒரு பொம்மை வீடு தேவைப்பட்டது. தன் மருமகளுக்காக நோர்மன் செய்திருந்த பொம்மை வீட்டைப் பார்க்கப் போகத் தாய் அனுமதிக்கவில்லை. அதனால் நோர்மன் அதைப் புகைப்படம் எடுத்து அனுப்பினார். அவர் அவற்றைப் பார்த்து வரைந்தார். கையில் பணமும் நாட்டில் புகழும் இருந்த முப்பத்தேழு வயதுப் பெண்ணின் நிலை இது!

1905 ஜூலையில் நோர்மன் அவரை மணமுடிக்கக் கேட்டார். வியாபாரக் குடும்பத்தில் பெண் கொடுப்பதா என்று பெற்றோர் எதிர்த்தனர். தங்கள் செல்வமும் வியாபாரத்தில் வந்ததே என்பதை அவர்கள் மறந்துபோயினர். பீட்ரிக்ஸ் பெற்றோரைத் தூக்கியெறியவில்லை. தன் வார்த்தையையும் கைவிடவில்லை. மோதிரத்தை அணிந்துகொண்டு, விடயத்தை வெளியில் சொல்லாமல் காத்திருக்கச் சம்மதித்தார். ஒரு மாதம் மாத்திரமே கடந்தது. ஓகஸ்ட் 25ஆம் திகதி நோர்மன் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அவருக்கு வயது 37.

மண்ணில் வரைந்த படம்

துயரத்தோடு உட்கார்ந்துவிடாமல், அதே ஆண்டில் ஏரி மாவட்டத்தின் நியர் சோரி கிராமத்தில் ஹில் டொப் என்ற பண்ணையைப் பீட்ரிக்ஸ் வாங்கினார். புத்தகங்களால் வந்த வருமானமே அதற்கு உதவியது. அடுத்த எட்டு ஆண்டுகளில் அவருடைய சிறந்த நூல்கள் பல வெளிவந்தன. பூனைக்குட்டி டொம், வாத்து ஜெமைமா முதலான கதைகளில் வரும் வாசலும் படிக்கட்டும் தோட்டப்பாதையும் அந்தப் பண்ணையிலேயே இருந்தவை. இன்றும் அங்கே போகும் பிள்ளைகள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படத்திலுள்ள இடங்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

தொழில் விடயத்திலும் அவர் கூர்மையானவர். 1903இலேயே பீட்டர் முயல் பொம்மையைத் தானே தைத்து உரிமம் பதிவுசெய்தார். ஆனால் அமெரிக்காவில் நூலுக்கான பதிப்புரிமையைப் பதிப்பகம் பதிவுசெய்யத் தவறியதால், அங்கே திருட்டுப் பதிப்புகள் பெருகின. அதனால் அவர் இழந்தது ஏராளம்.

நிலம் வாங்கும் வேலைகளில் உதவிய உள்ளூர்ச் சட்டத்தரணி வில்லியம் ஹீலிஸை 1913 ஒக்டோபரில் மணந்தார். அப்போது அவருக்கு வயது 47. இம்முறையும் பெற்றோர் எதிர்த்தனர். தானும் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் இரகசியமாக மணமுடித்தவன்தான் என்று தம்பி பேர்ட்ரம் போட்டுடைத்தது அந்த நேரத்தில்தான்!

அதன்பின்னர் அவர் பெரும்பாலும் திருமதி ஹீலிஸ் என்ற விவசாயியாகவே வாழ்ந்தார். கண்பார்வை மங்கியது, புத்தகங்கள் குறைந்தன. அழிந்துவிடக்கூடிய நிலையிலிருந்த ஹேர்ட்விக் என்ற மலைநாட்டுச் செம்மறியாட்டினத்தை வளர்த்துப் பரிசுகள் வென்றார். விடுதிகளும் மாளிகைகளும் முளைத்து மலையழகு சிதையாதிருக்க, விற்பனைக்கு வந்த பண்ணைகளை ஒவ்வொன்றாக வாங்கினார். 1943இல் அந்த ஆட்டின வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவியாகத் தெரிவுசெய்யப்பட்ட முதற் பெண் அவர். ஆனால் பதவியேற்க முன்னர், அவ்வாண்டு டிசெம்பர் 22ஆம் திகதி, 77ஆம் வயதில் காலமானார்.

4000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தையும் பல பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைக்கும்படி மரணசாசனம் எழுதியிருந்தார். ஆடுகளும் அங்கேயே மேயவேண்டும் என்பது அவரது விருப்பம். 2017இல் யுனெஸ்கோ அந்த ஏரி மாவட்டத்தை உலக மரபுரிமைத் தளமாக அறிவித்தது. முயலுக்கும் தவளைக்கும் சட்டை தைத்துப் போட்ட ஒரு தூரிகையின் வருமானம் ஒரு மலைநாட்டையே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

நமக்கு

பெற்றோரே, பிள்ளைக்குப் புத்தகம் வாங்கும்போது எத்தனை பக்கம், பரீட்சைக்கு உதவுமா என்று நாம் பார்க்கிறோம். அந்தப் படத்தை வரைந்தவர் உண்மையான முயலைப் பார்த்து வரைந்தாரா, புத்தகம் பிள்ளையின் கைக்கு அடங்குமா என்றும் ஒருமுறை பார்க்கலாம். மங்கிய அச்சும் உயிரற்ற படமும் பிள்ளைக்குப் போதும் என்று நினைத்தால், வாசிப்பின் முதற்படியிலேயே அதை ஏமாற்றியவர்களாவோம்.

மாணவிகளே, கணிதக் கொப்பியின் ஓரத்தில் அணிலும் காகமும் கீறி ஏச்சு வாங்குபவர்கள் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள். சுகமில்லாமல் படுத்திருக்கும் ஒரு தம்பியோ தங்கையோ நமக்கும் இருப்பார்கள். பீட்ரிக்ஸ் பொட்டர் உலகத்துக்காக எழுதத் தொடங்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றின் ஒரு நாளை இலேசாக்குவதற்காக ஒரு கடிதம் எழுதினார். நம் வீட்டு முற்றத்து அணிலையும் அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டியையும் வைத்து, நம் மொழியில், அப்படியொரு கடிதம் எழுதுவதற்கு ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும்.